இமயத்தில் நடக்க எந்த மாதம் நல்லது?

ஐப்பசி அடைமழை என்று நாம் குடையைத் தேடிக்கொண்டிருக்கும் அதே நாட்களில், காத்மாண்டு விமான நிலையத்தில் முதுகுப்பைகள் மலைபோல் குவிந்திருக்கும். நேபாளத்தில் ட்ரெக்கிங் சீசன் களைகட்டும் நேரம் அது. நமக்கு மழைக்காலம், அவர்களுக்குப் பளிச்சென்ற வானம். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று இமயத்தை விட்டு விலகிய பிறகுதான் காற்று திசை மாறி, நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையாக வந்து சேர்கிறது. அங்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிய மழைக்காலம் இங்கே வந்து அவிழ்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"எவரெஸ்ட் அடிவார முகாமான பேஸ் கேம்ப் போக எந்த மாதம் நல்லது?" என்று கேட்பவர்களுக்கு "அக்டோபர்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். தப்பில்லை. ஆனால் அது அரைப் பதில். அக்டோபரில் போய்விட்டு, "இவ்வளவு குளிரும்னு யாருமே சொல்லலையே" என்று திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். மலையில் மாதத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறீர்கள், மலையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள், மணி என்ன என்ற மூன்றையும் கூடவே கேட்க வேண்டும்.

அதற்கு முன் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பல வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்து "அக்டோபரில் பொதுவாக மழை குறைவு" என்று சொன்னால் அது காலநிலை. நாளைக்குக் காலையில் வெளியே எட்டிப் பார்க்கும்போது இருப்பது வானிலை. டிக்கெட் போடுவது காலநிலையை நம்பி. நடப்பது என்னவோ வானிலையில்தான்.

உயரம் ஏற ஏற

மேட்டுப்பாளையத்தில் 36 டிகிரி வெயிலில் சட்டை நனைந்து, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் ஏறி ஊட்டியில் இறங்கினால் 23, 24 டிகிரிதான் இருக்கும். இடையில் ஏறியது கிட்டத்தட்ட 1,900 மீட்டர். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 டிகிரி குறையும் என்பது கணக்கு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், விரிந்தால் குளிரும். சூரியனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் போவதால் எதுவும் ஆகிவிடாது. வெயிலில் சூடாவது முதலில் தரைதான், காற்று தரையிடமிருந்துதான் சூட்டை வாங்கிக்கொள்கிறது.

இந்தக் கணக்கை இமயத்துக்குக் கொண்டுபோவோம். காத்மாண்டு 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபர் இரவில் அங்கே சுமார் 13 டிகிரி. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பாதையில் கடைசியாகப் படுக்கும் ஊர் கோரக்ஷேப், 5,164 மீட்டர். வித்தியாசம் 3,764 மீட்டர். 6.5 ஆல் பெருக்கினால் 24 டிகிரிக்கு மேல் வருகிறது. பதிமூன்றில் இருபத்து நான்கைக் கழித்தால் மைனஸ் 11. 'மிக நல்ல சீசன்' என்று எல்லாரும் சொல்லும் அக்டோபரில், அந்த ஊர் லாட்ஜின் மரப்பலகை அறைச் சுவருக்கு வெளியே அதுதான் நிலவரம். வெளியே மட்டும் என்றும் சொல்ல முடியாது. அந்த அறைகளில் ஹீட்டர் கிடையாது. சாப்பாட்டுக்கூடத்து நடுவில் காய்ந்த யாக் சாணத்தை எரிக்கும் ஒரு இரும்பு அடுப்பு இருக்கும், அதுவும் படுக்கப் போகும் நேரத்துக்கு அணைந்துவிடும். தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்த தண்ணீர் பாட்டில் காலையில் கல்லாக இருக்கும். பழகியவர்கள் ராத்திரி பாட்டிலில் வெந்நீரை நிரப்பி, ஒரு சாக்ஸுக்குள் நுழைத்து, ஸ்லீப்பிங் பேக்கில் காலடியில் போட்டுக்கொள்வார்கள். இரவுக்குக் கணப்பும் ஆச்சு, காலையில் குடிக்கத் தண்ணீரும் ஆச்சு. செல்போனும் தண்ணீர் வடிகட்டியும் கூடவே உள்ளே தூங்க வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், வடிகட்டி ஒருமுறை உறைந்தால் அப்புறம் அதை நம்ப முடியாது.

ஒரு ஒப்பீடு. நமக்குத் தெரிந்த பெரிய உயரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. எவரெஸ்ட் பாதையில் விமானத்தை விட்டு இறங்கி *முதல் அடி வைக்கும்* லுக்லா அதைவிட உயரம், சுமார் 2,850 மீட்டர். "ஊட்டிக் குளிர் தாங்குவேன்" என்பது அங்கே தொடக்கப் புள்ளி மட்டுமே.

காற்று வீசினால் இன்னொரு கழித்தல். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 21 போலத் தெரியும். வெயிலும் சும்மா விடாது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் வீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது, புதுப்பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்திலேயே அடிக்கிறது. குளிரில் நடுங்கிக்கொண்டே மூக்குத் தோல் உரியும் இடம் அது. கறுப்புக் கண்ணாடி ஸ்டைலுக்கு என்று நினைத்து விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வருடம் எப்படி ஓடுகிறது

நேபாள இமயத்தின் வருடத்தைப் பருவமழைதான் வெட்டி வைக்கிறது. ஜூன் நடுவில் மழை நுழைந்தால் செப்டம்பர் கடைசிவரை நிற்கும். வருட மழையில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்த நாலு மாதத்தில்தான். கீழ்ப்பாதைகளில் அட்டை, சேறு, மண்சரிவு. லுக்லா விமானம் நாள்கணக்கில் ரத்தாகும். மலை பார்க்கப் போனவர் பத்து நாளும் மேகத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

மழை போனதும் அக்டோபர், நவம்பர். நாலு மாதம் பெய்த மழை காற்றிலிருந்த தூசியைக் கழுவிவிட்டிருக்கும். அதனால்தான் அந்த மாதங்களில் எடுத்த படங்களில் பனிமுகடுகள் கத்தரித்து ஒட்டியதுபோல் தெரிகின்றன. குறை என்றால் கூட்டம். நேபாளிகளின் பெரிய பண்டிகையான தசைனும் பெரும்பாலும் அக்டோபரில் வரும், போர்ட்டர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் நவம்பர் முதல் பாதி. குளிர் ஒரு சட்டை கூடுதல்தான், ஆனால் லாட்ஜில் இடம் கிடைக்கும், வானமும் கிட்டத்தட்ட அதே வானம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வேறு கதை. மேல்வானத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் தெற்கே இறங்கி இமயத்தின் தலைக்கு மேலேயே வந்துவிடும். எவரெஸ்ட் முகட்டிலிருந்து வெள்ளைக்கொடி பறப்பதுபோல் பனித்தூள் கிளம்புவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது இந்தக் காற்றின் வேலை. இதே சமயம் மத்தியதரைக்கடல் பக்கமிருந்து கிளம்பிவரும் 'மேற்கத்திய இடையூறு' என்ற மழைத்தொகுதிகள் காஷ்மீரிலும் இமாசலத்திலும் பனியைக் கொட்டும். கிழக்கே வர வர அவற்றின் வலு குறையும். ஆகவே டிசம்பரில் எவரெஸ்ட் பக்கம் பல நாள் வறண்ட, தெளிந்த வானம் கிடைக்கும். குளிர் தாங்குபவர்களுக்கு அது ரகசிய சீசன். ஜனவரி, பிப்ரவரியில் உயரக் கணவாய்கள் பனியில் மூடிக்கொள்ளும், மேலூர் லாட்ஜ்காரர்கள் பலர் பூட்டிவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. குளிர்காலத்தில் அதே உயரத்தில் காற்றழுத்தம் கோடையைவிடக் கொஞ்சம் குறைவு. மே மாதம் ஏறிய அதே மேடு ஜனவரியில் கூடுதலாக மூச்சு வாங்கும்.

மார்ச் முதல் மே வரை இரண்டாவது நல்ல பருவம். ஏப்ரலில் 2,500, 3,000 மீட்டர் காடுகளில் லாலிகுராஸ் என்று நேபாளிகள் சொல்லும் சிவப்பு ரோடோடென்ட்ரான் மரம் மரமாகப் பூத்திருக்கும். அதே இனத்தின் ஒரு கிளை நம் நீலகிரிச் சோலைகளிலும் உண்டு. இந்தப் பருவத்தில் தாழ்வான பள்ளத்தாக்குகளில் காட்டுத்தீப் புகையும் தூசியும் சேர்ந்து மங்கலாக இருக்கும். மேலே போனால் தெளிவு. பிற்பகலில் மேகம் கூடும், சில நாள் இடியோடு ஒரு தூறல். எவரெஸ்ட் ஏறுபவர்களின் பருவமும் இதுதான். மே நடுவில் ஜெட் காற்றோட்டம் வடக்கே நகர்ந்துவிடும், பருவமழை இன்னும் வந்திருக்காது. அந்த இடுக்கில் கிடைக்கும் சில அமைதியான நாட்களுக்காகத்தான் எல்லாரும் வாரக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியைத் தொட்டது 1953 மே 29. அதனால் பேஸ் கேம்ப்பில் ஏறுபவர்களின் மஞ்சள் கூடாரங்களைப் பார்க்க ஆசைப்படுபவர் ஏப்ரல், மேயில் போக வேண்டும். அக்டோபரில் போனால் பெரும்பாலும் கல்லும் பனியும்தான். அங்கே போய் "இதுதானா பேஸ் கேம்ப்?" என்று முகம் வாடி நிற்பதைவிட, இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறைகள் இதோடு அழகாகப் பொருந்துகின்றன. கோடை லீவு ஒரு பருவம், தீபாவளியை ஒட்டி இன்னொன்று. மே கடைசி வாரம் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். முன்மழை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

மலையின் எந்தப் பக்கம்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இரண்டு ஊர்கள் லும்லே, ஜோம்சோம். இரண்டும் நேபாளத்தில், அன்னபூர்ணா மலைத்தொகுதியின் இருபுறமும் இருக்கின்றன. நேர்கோட்டில் இடைவெளி அறுபது கிலோமீட்டருக்குள்தான். தெற்குப் பக்கத்து லும்லேயில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, நாட்டிலேயே அதிகம். வடக்குப் பக்கத்து ஜோம்சோமில் 300 மில்லிமீட்டரே பெரிய விஷயம். வங்கக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்று எட்டாயிரம் மீட்டர் சுவரில் மோதி மேலே ஏறுகிறது. ஏறினால் குளிரும், குளிர்ந்தால் ஈரம் மழையாக உதிரும். எல்லாவற்றையும் இந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு அந்தப் பக்கம் இறங்குகிறது. கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் ஜூலையில் பொள்ளாச்சிக்குக் கிழக்கே வர வர வானம் காய்வது ஏன் என்று யோசித்தவர்களுக்கு இது புதிதில்லை. மழை மறைவுப் பகுதி என்று பாடப்புத்தகத்தில் படித்ததுதான்.

இதிலிருந்து கிடைக்கும் பயன் பெரிது. ஜூலை, ஆகஸ்டில் மட்டும்தான் லீவு கிடைக்கும் என்பவர் இமயத்தை மறக்கத் தேவையில்லை. சுவரின் மறுபக்கம் போனால் போதும். நேபாளத்தில் மேல் முஸ்தாங், டோல்போ. இந்தியாவில் லடாக். லே நகரில் வருட மழையளவு 100 மில்லிமீட்டர் அளவில்தான். மார்க்கா பள்ளத்தாக்கு போன்ற நடைகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் சீசன். அதாவது நேபாளத்தின் கெட்ட மாதங்கள் லடாக்கின் நல்ல மாதங்கள். அதற்காக அங்கே மழையே வராது என்று நதிப்படுகையில் கூடாரம் போடாதீர்கள். 2010 ஆகஸ்டில் லேயில் நடந்த மேகவெடிப்பில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழைக்குப் பழகாத மண் திடீரென்று நனைந்தால் தாங்காது, அப்படியே இறங்கிவிடும்.

மழைக்குள்ளேயே போக வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது. உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். பூ கொழிப்பது ஜூலை, ஆகஸ்டில். பூவை வரவழைப்பதே அந்த மழைதான். நனையாமல் பூப் பார்க்க வேண்டும் என்றால் பெங்களூரு லால்பாக் மலர்க் கண்காட்சிக்குத்தான் போக வேண்டும்.

மணி என்ன

நம் பழைய இலக்கணக்காரர்கள் பொழுதை இரண்டாகப் பிரித்தார்கள். வருடத்தை ஆறாக வெட்டினால் பெரும்பொழுது, நாளை ஆறாக வெட்டினால் சிறுபொழுது. மலைக்கு, அதாவது குறிஞ்சிக்கு, அவர்கள் கொடுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை. நேபாள ட்ரெக்கிங் சீசனும் ஏறக்குறைய அதே மாதங்கள் என்பது தற்செயல்தான், இருந்தாலும் எனக்குச் சந்தோஷம். சிறுபொழுதில் மட்டும் ஒத்துப்போக முடியாது. குறிஞ்சிக்கு அவர்கள் யாமத்தைக் கொடுத்தார்கள். அது காதலர்களுக்குச் சரி. நடப்பவர்களுக்கு வைகறைதான்.

காரணம் இது. காலையில் வெயில் பட்டதும் மலைச்சரிவு சூடாகிறது, அதை ஒட்டிய காற்று மேலே ஏறுகிறது, பள்ளத்தாக்கிலிருந்து இன்னும் காற்று அந்த இடத்துக்குப் பாய்கிறது. பதினொன்று, பன்னிரண்டு மணிக்கெல்லாம் சரிவுகளில் மேகம் திரளத் தொடங்கும். இரண்டு மணிக்கு முகடு மறைந்துவிடும். சூரியன் சாய்ந்ததும் எல்லாம் திரும்ப அடங்கி, இரவில் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். நல்ல பருவத்திலும் பல நாட்கள் இப்படித்தான் ஓடும்.

லுக்லாவுக்குப் போகும் சிறு விமானங்கள் காலையிலேயே பறந்து முடித்துக்கொள்வதும் இதனால்தான். ஓடுதளம் 527 மீட்டர் நீளம்தான், ஒரு முனையில் மலை, மறுமுனையில் பள்ளம். மேகம் வந்தபின் அங்கே இறங்க யாரும் துணிய மாட்டார்கள். நான் போனபோது காலை ஆறு மணி விமானத்துக்கு நாலு மணிக்கே எழுந்து போய், மதியம் ஒரு மணிவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, "இனி நாளைக்குத்தான்" என்று கேட்டுத் திரும்பினேன். காத்மாண்டுவில் நல்ல வெயில். கோபம் வந்தது. ஆனால் காத்மாண்டு வானத்தை வைத்து லுக்லா வானத்தைச் சொல்ல முடியாது என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. அதனால் திரும்பும் பயணத்துக்கு இரண்டு நாள் உபரி வைக்காமல் யாரும் டிக்கெட் போடக்கூடாது என்பேன்.

ஜோம்சோம் இருக்கும் காலி கண்டகி பள்ளத்தாக்கில் இந்தக் காற்று இன்னும் முரடு. அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் நடுவே ஒரு சந்துபோல் இருப்பதால் முற்பகலிலேயே காற்று தெற்கிலிருந்து கிளம்பி, பிற்பகல் முழுக்கத் தூசியை வாரி முகத்தில் அறையும். அங்கே காலை உணவுக்கு முன்பு பாதி வழி நடந்து முடித்துவிடுவது புத்திசாலித்தனம். அன்னபூர்ணாவைச் சுற்றும் பாதையில் 5,416 மீட்டர் தோரோங் லா கணவாயைக் கடப்பவர்கள் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு கிளம்புவதும் காற்று எழுவதற்கு முன் மறுபக்கம் இறங்கத்தான்.

கணக்கு தப்பும் நாட்கள்

அதே தோரோங் லாவில்தான் 2014 அக்டோபர் 14 அன்று அந்தப் பனிப்புயல் வீசியது. சீசனின் உச்சம், கணவாயில் நல்ல கூட்டம். அதற்கு இரண்டு நாள் முன், அக்டோபர் 12 அன்று, ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்திருந்தது. கரை ஏறியதும் புயல் வலுவிழந்தது, ஆனால் ஈரம் அப்படியே இருந்தது. வடக்கே நகர்ந்த அந்த ஈரத்தை மேற்குக் காற்று இழுத்து இமயத்தின் மேல் ஏற்றியது. கீழே மழையாக விழ வேண்டியது ஐயாயிரம் மீட்டரில் பனியாக விழுந்தது. அன்னபூர்ணா, தவளகிரி பகுதிகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வெளிநாட்டு நடைப்பயணிகள், நேபாள வழிகாட்டிகள், சுமை தூக்கியவர்கள், ஊர்க்காரர்கள் எல்லாரும் அதில் உண்டு.

பருவமழை விலகும் தேதியும் முன்போல் இல்லை. நேபாள வானிலைத் துறை முன்பு செப்டம்பர் 23 என்று வைத்திருந்த சராசரி விலகல் நாளை, புதிய கணக்கில் அக்டோபர் 2 என்று மாற்றியிருக்கிறது. 2024 செப்டம்பர் கடைசியில் பெய்த பெருமழையில் காத்மாண்டு பள்ளத்தாக்கே மூழ்கி, நாடு முழுக்க 200 பேருக்கு மேல் இறந்தார்கள். "செப்டம்பர் இருபத்தைந்துக்கு மேல் கவலையில்லை" என்ற பழைய வழிகாட்டி வரிகளை இனி அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

முன்னறிவிப்பு பார்ப்பதில் ஒரு சின்ன நுணுக்கம். செல்போனில் ஊர்ப்பெயர் போட்டால் வரும் எண், மேடும் பள்ளமும் சேர்ந்த ஒரு பெரிய கட்டத்தின் சராசரியாக இருக்கலாம். அந்தக் கட்டத்தின் உயரம் நீங்கள் நிற்கும் உயரத்திலிருந்து வெகுவாகத் தள்ளிக்கூட இருக்கும். காற்று வரைபடம் காட்டும் விண்டி போன்ற செயலிகளில் உயர மட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் 500 ஹெக்டோபாஸ்கல் என்ற காற்றழுத்த மட்டம் சுமார் 5,500 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். எவரெஸ்ட் பாதையின் காலாபத்தர் மேடு, தோரோங் லா எல்லாம் ஏறக்குறைய அந்த உயரம்தான். அந்த மட்டத்தில் நாளைக் காலைக் காற்று எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்த்தால் கணவாயில் நிற்கும்போது என்ன கிடைக்கும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். கூடவே வரைபடத்தைக் கொஞ்சம் தெற்கே நகர்த்தி வங்கக் கடலையும் பாருங்கள். அக்டோபரில் அங்கே ஏதாவது சுழல்கிறதா என்று பார்ப்பது நமக்குப் புதுப் பழக்கம் ஒன்றும் இல்லை. அது சென்னைக்கு வராமல் ஆந்திரா, ஒடிசா பக்கம் போகிறது என்றால் வீட்டில் எல்லாரும் பெருமூச்சு விடுவோம். நீங்கள் அப்போது அன்னபூர்ணாவில் இருந்தால், கணவாய்க்கு இந்தப் பக்கத்து லாட்ஜிலேயே இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி, சூடாக தால் பாத் சாப்பிட்டுக்கொண்டிருங்கள்.